ரீவைண்டிங் கடை அப்ரண்டிஸ்: உழைப்பு மட்டும் போதுமா?

களக்காடு கிணறு: பையன் ஐடிஐ முடிச்சிட்டு மோட்டார் ரீவைண்டிங் கடையில, அதான் எரிஞ்ச மோட்டாருக்குப் புதுக் கம்பி சுத்துற கடையில, அப்ரண்டிஸா சேர்ந்திருக்கான். காலையில இருந்து ராத்திரி வரை அங்கேயே கிடந்தா வேலை தானா வந்துரும்ங்காக. நெசமா?

ஆலங்குளம் அண்ணாச்சி: வரும். கை பழகணும்லா. மொதல்ல காயில் உக்காருற பள்ளம், அதான் ஸ்லாட், அதைச் சுத்தம் பண்றது, அதுல இன்சுலேஷன் பேப்பர் திணிக்கிறது. பேப்பர், கோர்ங்கிற இரும்புத் தகடு அடுக்குக்கு ரெண்டு பக்கமும் 5 மி.மீ. வெளிய நிக்கணும். குறைஞ்சா காயில் வளையுற இடத்துல தகடு கம்பி மேல உள்ள எனாமல் பூச்சை அறுத்து பாடியில கரண்ட் வரும். இது அம்பது ஸ்டேட்டர் (மோட்டார்ல சுத்தாம நிக்கிற பாகம்) செஞ்சாத்தான் விரலுக்குத் தெரியும்.

பேட்டை மைக்ரோமீட்டர்: கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. அம்பதையும் ஒரே மாதிரி செஞ்சா முதுகுவலிதான் மிச்சம். கருத்தான பையன் பழைய காயிலை நறுக்குறதுக்கு முன்னாடி நோட்டு எடுப்பான். மோட்டார் பிளேட் விவரம், ஸ்லாட் எண்ணிக்கை, பிட்ச் (ஒரு காயில் எத்தனை ஸ்லாட் தாண்டி உக்காருது), குரூப் (சேர்த்துக் கோத்த காயில் கூட்டம்), டர்ன் (ஒரு காயில்ல எத்தனை சுத்து). டர்னை மூணு காயில்ல எண்ணணும், ஒண்ணுல விட்டுப் போயிருக்கலாம். கம்பியை எனாமல் எடுத்துட்டு அளக்கணும். எனாமலோட அளந்தா 0.81 மி.மீ. கம்பி 0.88 வரை காட்டும். 0.91-னு நினைச்சு வாங்கிச் சுத்தினா ஸ்லாட்ல அடங்காது. அடிச்சுத் திணிப்பான், எனாமல் உரியும்.

ஆலங்குளம் அண்ணாச்சி: பிசான நெல் பருவத்துல நாலு மோட்டார் வரிசையில கிடக்கு, விவசாயி வாசல்ல நிக்காரு. அப்போ நோட்டு எழுதச் சொல்லுதீகளா?

பேட்டை மைக்ரோமீட்டர்: பத்து நிமிஷம்தான் வே. டர்ன் குறைஞ்சா சும்மா ஓடுறப்பவே ஆம்பியர் ஏறிச் சுடும். பத்து சதவீதம் கூடினா இழுவை ஆறுல ஒரு பங்கு போயிரும், தண்ணி மேல ஏறாது. மறுபடியும் அதே விவசாயிதான் வந்து நிப்பாரு.

ஆலங்குளம் அண்ணாச்சி: 36 ஸ்லாட், 4 போல், அதான் நாலு காந்தத் துருவம்னா, மூணு பேஸ்ல ஆர் 1-ஆம் ஸ்லாட்ல, ஒய் 7-ல, பி 13-ல ஆரம்பம். எங்க பயலுவ தூக்கத்துல சொல்லுவானுவ.

பேட்டை மைக்ரோமீட்டர்: அங்கதான் சிக்கல். ஏன் 7-னு கேட்டா முழிப்பானுவ. 36-ஐ 4-ஆல வகுத்தா ஒரு போலுக்கு 9 ஸ்லாட். அது மின் கோணத்துல 180 டிகிரி, அப்போ ஸ்லாட்டுக்கு 20. பேஸுக்குப் பேஸ் 120 தள்ளணும், அதனால 6 ஸ்லாட். இது தெரிஞ்சவன் கையில 24 ஸ்லாட் 4 போல் வந்தா 1, 5, 9-னு தானே கண்டுபிடிப்பான். மனப்பாடம் பண்ணினவன் அதுலயும் 1, 7, 13 போடுவான். அப்புறம் மோட்டார் உறுமுதுங்கான்.

ஆலங்குளம் அண்ணாச்சி: கணக்கை ஒத்துக்கிடுதேன். ஆனா எரிஞ்ச காயிலைப் பார்க்கக் கணக்கு வேண்டாம், பொறுமை வேணும். மூணு பேஸையும் ஒரு முனையில சேர்த்த ஸ்டார் கனெக்ஷன்ல ரெண்டு பேஸ் கருகி ஒண்ணு நல்லா இருந்தா, லைன்ல ஒரு பேஸ் போயிருக்குன்னு அர்த்தம். முக்கோணமாக் கோத்த டெல்டான்னா ஒரு பேஸ் மட்டும் கருகும். பார்க்காம நறுக்கிப் பழைய இரும்புல போட்டா அந்த சாட்சியே போச்சு. ஸ்டார்ட்டர் கான்டாக்டும், லோடு கூடினா கட் பண்ற ரிலேயும் பார்க்காம மாட்டினா புது வைண்டிங்கும் சீக்கிரமே கருகிரும்.

பேட்டை மைக்ரோமீட்டர்: அது நூத்துக்கு நூறு. ஆனா ஸ்டார்ட்டர் இருக்கது கிணத்தடியில. அப்ரண்டிஸை யாரு அங்க கூட்டிட்டுப் போறாக?

களக்காடு கிணறு: சரி, நோட்டும் கம்பி அளக்குற மைக்ரோமீட்டரும் நான் வாங்கிக் குடுக்கேன். கடைக்காரர்கிட்ட என்ன கேக்கட்டும்?

ஆலங்குளம் அண்ணாச்சி: மாசம் நாலு தடவை ஃபிட்டர் கூடக் கிணத்தடிக்கு அனுப்பச் சொல்லுங்க.

பேட்டை மைக்ரோமீட்டர்: நறுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பத்து நிமிஷத்தையும் கேளுங்க. பிசானத்துலயும் சேர்த்துத்தான்.