இரை கொட்டும் ரிமோட் படகு பின்பக்கம் தாழ்கிறது, தெர்மாகோல் அடைத்தும் மிதப்பு கூடவில்லை: உதவி தேவை

கேள்வி

வணக்கம். தூண்டில் போடும் இடத்துக்கு இரையைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு ரிமோட் படகு நானே செய்திருக்கிறேன். நேராகப் போகிறது, ரிமோட்டுக்கும் ஒழுங்காகக் கட்டுப்படுகிறது. மிதப்பு மட்டும் போதவில்லை.

4 மி.மீ. பிளைவுட், உள்ளும் புறமும் எபாக்சி பூச்சு. நீளம் 60 செ.மீ., அகலம் 25, உயரம் 12. அடி தட்டை, முன்மூக்கு கூர்மை. பின்னால் 550 அளவு மோட்டார்கள் இரண்டு, அவற்றை ஒட்டியே 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி. இரைத் தட்டு பின்பக்க மேல்தளத்தில் இருக்கிறது. சர்வோ (ரிமோட்டில் அசையும் சிறு மோட்டார்) தூக்கினால் தட்டு சாய்ந்து இரை பின்னால் சரிந்து விழும். இரை இல்லாமல் மொத்த எடை 6 கிலோ. அதன்மேல் ஒன்றரை கிலோ இரை ஏற்றுகிறேன்.

வெறும் படகாக இருக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும், அது பரவாயில்லை. இரை ஏற்றியதும் பின்விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு விரல் அகலம்தான் தெரிகிறது. சிறிய அலைக்கே மேல்தளம் நனைகிறது. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கிறது.

உள்ளே காலியாக இருந்த இடமெல்லாம் தெர்மாகோல் வெட்டி அடைத்துப் பார்த்தேன். அடைக்கும் முன் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். அடைத்த பிறகும் தண்ணீர் அதே கோட்டில்தான் நிற்கிறது. தெர்மாகோல் மிதக்கும் பொருள்தானே, ஏன் தூக்கவில்லை?

பதில் 1

தெர்மாகோல் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அதை எடுத்துவிட்டு, கதவு நிலை பொருத்தும்போது அடிக்கிற ஸ்ப்ரே ஃபோமை உள்ளே அடித்துவிடுங்கள். மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பிவிடும்.

பதில் 2

ஸ்ப்ரே ஃபோம் வேண்டாம் நண்பரே. அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். மூடிய பெட்டிக்குள் தடிமனாக அடித்தால் வெளித்தோல் இறுகிவிடும், நடுப்பகுதி நாள்கணக்கில் பிசுபிசுவென்று இருக்கும். உப்பும்போது 4 மி.மீ. பிளைவுட்டைப் பிதுக்கிவிடவும் செய்யும். அப்புறம் ஒரு ஒயரை மாற்றக்கூட வழி இருக்காது.

தெர்மாகோல் ஏன் தூக்கவில்லை என்பதுதான் முக்கியமான கேள்வி. படகைத் தூக்குவது, அதன் வெளிச்சுவர் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறது என்பது மட்டுமே. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரை விலக்கினால் ஒரு கிலோ தாங்கும். உள்ளே காற்று இருக்கிறதா, தெர்மாகோல் இருக்கிறதா என்பது தண்ணீருக்குத் தெரியாது. நீர் புகாத படகுக்குள் எதை அடைத்தாலும் அதன் எடைதான் சேரும். தெர்மாகோல் மிக லேசு, அதனால் உங்கள் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஓட்டை விழுந்து தண்ணீர் நிறைந்தால் படகு அடியில் போய் உட்காராமல் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

ஆகவே வழி இரண்டுதான்: எடையைக் குறைக்க வேண்டும், அல்லது தண்ணீருக்குள் இருக்கும் வெளிப்பருமனைக் கூட்ட வேண்டும்.

உங்கள் அளவுக்கே கணக்குப் போடலாம். 60 × 25 என்றால் 1500 சதுர செ.மீ. மூக்கு கூர்மையாக இருப்பதால் சுமார் 1300 என்று வையுங்கள். அப்படியானால் படகு ஒரு செ.மீ. தாழ்ந்தால் 1.3 கிலோ தாங்கும். மொத்தம் ஏழரை கிலோவுக்கு சராசரியாக 5.8 செ.மீ. தாழும். 12 செ.மீ. உயரப் படகுக்கு அது மோசமில்லை, பாதிக்கு மேல் வெளியே இருக்க வேண்டும். ஆனால் பின்பக்கம் ஒரு விரல்தான் மிச்சம் என்கிறீர்கள். ஆக, மொத்த மிதப்பைவிட எடை உட்கார்ந்திருக்கும் இடம்தான் முதல் கோளாறு. மோட்டார், பேட்டரி, இரை மூன்றும் ஒரே பக்கம்.

பதில் 3

மேலே உள்ளவர் சொன்னதை வழிமொழிகிறேன். எனக்கும் இதே மாதிரி பின்னால் கொட்டும் தட்டு உள்ள படகுதான்.

சீசா பலகை மாதிரி யோசியுங்கள். இரைத் தட்டின் நடு, படகின் நடுவிலிருந்து சுமார் 22 செ.மீ. பின்னால் இருக்கும். 1.5 × 22 = 33. உங்கள் பேட்டரி எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். 2.2 என்று வைத்தால், அதை இப்போதுள்ள இடத்திலிருந்து 15 செ.மீ. முன்னால் நகர்த்தினால் 2.2 × 15 = 33. இரையின் பாரத்தை அது அப்படியே ஈடுகட்டிவிடும். ஒரு காசு செலவில்லை, ஒயரை நீட்டினால் போதும்.

இரையைக் கொட்டிய பிறகு மூக்கு சற்றுத் தாழும். இப்போது வெறும் படகே பின்னால் தாழ்ந்திருப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. முதலில் பேட்டரியை ஒட்டாமல், அடியில் ஒரு பட்டை போட்டு நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இரைக்குப் பதில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தட்டில் படுக்க வைத்துப் பெரிய தொட்டியிலேயே சோதிக்கலாம். எடை சரியாக ஒன்றரை கிலோ. குளத்துக்குப் போகவே தேவையில்லை.

இன்னொன்று. அந்த ஒரு டம்ளர் தண்ணீரை லேசாக எண்ணாதீர்கள். படகு சாயும் பக்கமெல்லாம் அந்தத் தண்ணீரும் ஓடிச் சேரும், சாய்வு இன்னும் கூடும். திரும்பும்போது கவிழ்வது பெரும்பாலும் இதனால்தான்.

கேட்டவர்

அண்ணா, மிக்க நன்றி. பேட்டரியை நகர்த்தித் தொட்டியில் பார்த்தேன். பாட்டிலோடு பின்விளிம்பு இப்போது நாலு விரல் அகலம் வெளியே தெரிகிறது! மிதப்பை இன்னும் கொஞ்சம் கூட்ட ஆசை, இரண்டு கிலோ இரை ஏற்ற வேண்டியிருக்கிறது. பக்கவாட்டில் ஏதாவது ஒட்டலாமா? பிவிசி பைப்பா, ஃபோமா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் பிடிபடவில்லை. மூடியில் ரப்பர் வாஷர் இருக்கிறது.

பதில் 2

தாராளமாக ஒட்டலாம். பைப்பும் வேலை செய்யும், ஆனால் எடை அதிகம், இரண்டு முனையும் அடைக்க வேண்டும், தட்டைச் சுவரில் உருளையைப் பிடிக்க வைப்பதும் சிரமம். நான் எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகையைத்தான் சொல்வேன். மணிமணியாக உதிரும் வெள்ளைத் தெர்மாகோல் இல்லை. வெட்டினால் வழவழவென்று இருக்கும், பெரும்பாலும் நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் கிடைக்கும் பலகை. ஒரு லிட்டர் பருமனுக்கு 30 முதல் 40 கிராம்தான், தண்ணீரையும் அவ்வளவாகக் குடிக்காது.

ஒரு பக்கத்துக்கு 40 செ.மீ. நீளம், 5 செ.மீ. தடிமன், 8 செ.மீ. உயரம் போதும். பின்சுவரிலிருந்து முன்னோக்கி ஒட்டுங்கள். தண்ணீரைத் தொடும் பரப்பு 400 சதுர செ.மீ. கூடி 1700 ஆகிவிடும். ஏழரை கிலோவுக்கு 5.8 செ.மீ. தாழ்ந்தது இனி 4.4 செ.மீ.தான் தாழும். பரப்பு பின்பாதியில் கூடுவதால் பின்பக்கம் அதற்கும் மேலேயே எழும்பும். அகலம் 35 ஆவதால் பக்கவாட்டு ஆட்டமும் அடங்கும்.

ஒட்டும் உயரத்தைக் கவனியுங்கள். ஃபோமின் அடி படகின் அடியோடு சமமாக இருக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டினால் படகு சாயும்போது மட்டும்தான் உதவும், மற்ற நேரத்தில் அது வெறும் அலங்காரம். முன்முனையைச் சரிவாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும்.

ஒட்ட எபாக்சி மட்டும். பாலிஎஸ்டர் ரெசின், பெட்ரோல் வாடை வரும் கான்டாக்ட் பசை, உடனடிப் பசை இவையெல்லாம் இந்த ஃபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான். ஒட்டிய பிறகு மெல்லிய ஃபைபர்கிளாஸ் துணி ஒரு சுற்று எபாக்சியோடு போர்த்திவிடுங்கள், கரையில் கல்லில் உரசினாலும் தாங்கும்.

பதில் 4

தண்ணீர் வரும் வழி பற்றி நான் சொல்கிறேன். ஷாஃப்ட் குழாயின் (மோட்டாரிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் தண்டு சுழலும் குழாய்) உள்முனை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். சாதாரணமாக அந்த முனை வெளி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும், அதனால் குழாய்க்குள் ஏறும் தண்ணீர் பாதியிலேயே நின்றுவிடும். பின்பக்கம் தாழ்ந்ததும் நீர்மட்டம் அந்த முனையைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் தண்ணீர் தானாக உள்ளே வடியும், எடை கூடும், இன்னும் தாழும், இன்னும் வேகமாக வடியும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

குழாய் முழுக்க நீர் புகாத கிரீஸ் நிரப்புங்கள். குழாயின் மேல் சின்னத் துளை போட்டு ஒரு நிப்பிள் பற்றவைத்தால் ஷாஃப்ட்டைக் கழற்றாமலே ஊசிக்குழலால் கிரீஸ் ஏற்றலாம்.

சந்தேகம் தீர, உள்தரையில் ஷாஃப்ட் பக்கம், சுக்கான் தண்டின் பக்கம், மூடியின் நாலு மூலைக்கும் நேர் கீழே என்று தனித்தனியாக டிஷ்யூ காகிதம் வைத்து, பாரத்தோடு தொட்டியில் அரை மணி நேரம் விடுங்கள். எந்தக் காகிதம் முதலில் நனைந்து கருக்கிறதோ அங்கேதான் ஒழுகல். இதற்கு முன் தெர்மாகோலை வெளியே எடுத்துவிடுங்கள், அது ஈரத்தை மறைத்துக்கொள்ளும்.

கேட்டவர்

ஷாஃப்ட் பக்கக் காகிதம்தான் நனைந்தது, இடது பக்கம் மட்டும். மூடிக்குக் கீழே எல்லாம் காய்ந்தே இருந்தது. கிரீஸ் ஏற்றியதும் நின்றுவிட்டது. ஃபோமும் ஒட்டிவிட்டேன். இரண்டு கிலோவோடு நன்றாக நிற்கிறது.

புதிதாக ஒன்று: இரையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது மோட்டார் சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறுகிறது, படகு நகர மாட்டேன் என்கிறது. வேகத்தைக் குறைத்தால் மறுபடி போகிறது. தெர்மாகோலைத் திரும்ப வைக்கலாமா, வேண்டாமா?

பதில் 3

பின்பக்கம் இப்போது அதிகமாக எழும்பிவிட்டது. பாரம் இறங்கியதும் புரொப்பெல்லர் மேல்மட்டத்துக்கு அருகில் வந்து காற்றை இழுக்கிறது. பேட்டரியை 4, 5 செ.மீ. பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். ஃபோம் வந்துவிட்டதால் அவ்வளவு முன்னால் இருக்கத் தேவையில்லை. வெறும் படகில் புரொப்பெல்லரின் மேல்நுனி நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு விரலாவது முங்கியிருக்க வேண்டும். அப்படியும் சரிவராவிட்டால் புரொப்பெல்லருக்கு மேலே, பின்சுவரில் ஒரு சின்னத் தகடு படுக்கையாகப் பொருத்துங்கள். மேலிருந்து காற்று இறங்குவதைத் தடுக்கும்.

பதில் 2

தெர்மாகோலை வையுங்கள், ஆனால் முன்போல் எல்லா இடத்திலும் வேண்டாம். மேல்தளத்தின் உள்பக்கத்தில், முன்னும் பின்னுமாக மூன்று லிட்டர் அளவு ஒட்டினால் போதும். பிளைவுட் தானே மிதக்கும், வெளி ஃபோமும் இருக்கிறது, பேட்டரியையும் மோட்டாரையும் தாங்கத்தான் இது. கீழே ஒட்டினால் தண்ணீர் நிறைந்ததும் அடிப்பக்கம் மேலே வந்து படகு குப்புறக் கவிழும். மேலே ஒட்டினால் நிமிர்ந்தே நிற்கும், ஆன்டெனாவும் வெளியே இருக்கும். மோட்டாரைச் சுற்றி ஒரு கை நுழையும் இடம் விடுங்கள், சூடு வெளியேற வேண்டும்.

அடுத்து பேட்டரி மாற்றும்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாருங்கள். 12.8 வோல்ட் 6 ஆம்பியர்-ஹவர் பேக் ஒரு கிலோவுக்குள் அடங்கும். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும், இதை ஏறக்குறைய முழுசாகவே பயன்படுத்தலாம், ஆகவே ஓட்டமும் குறையாது. அதற்கென்று உள்ள சார்ஜரையே வாங்குங்கள். எடை ஒரு கிலோவுக்கு மேல் குறையும், படகு எழும்பும், அப்போது புரொப்பெல்லர் முங்கும் அளவை மறுபடி தொட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

பேட்டரியை 4 செ.மீ. பின்னால் தள்ளியதும் கீச்சுச் சத்தம் நின்றுவிட்டது. தகடு தேவைப்படவில்லை. தெர்மாகோலை இந்த வாரம் மேல்தளத்துக்கு அடியில் ஒட்டுகிறேன். எல்லோருக்கும் நன்றி.