பம்பர் டு பம்பர் இருந்தும் "பிசினஸ் யூஸ்"னு கிளைம் தர மாட்டேங்கறாங்க, அவசரம்

திருப்பூர்_ஓட்டம்
ஏனுங்க, யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க. பார்க்கிங் தூண்ல உரசி பின் பம்பர் கிழிஞ்சு போச்சு, பக்கத்துத் தகரத்துலயும் நீளமா கோடு. கார் இன்சூரன்ஸ்ல பம்பர் டு பம்பர் இருக்கு, அதுக்குன்னே தனியா காசு கட்டியிருக்கேன். சர்வேயர் வந்தாரு, டிக்கியத் திறந்து பார்த்தாரு, போட்டோ எடுத்தாரு. இப்ப பிசினஸ் யூஸ், கவர் ஆகாதுங்கறாங்க. நாளைக்குள்ள முடிவு சொல்லணுமாம். என்ன பண்றது?

மதுக்கரை_மலை
டிக்கியில என்ன இருந்துச்சுங்க? அதச் சொல்லாம யாரு என்ன சொல்ல முடியும்? வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா?

வளசை_வாசி
ஆர்.சி. யார் பேர்ல இருக்கு? கம்பெனி பேர்ல இருந்தா அவ்ளோதான், கமர்ஷியல்னு தூக்கிப் போட்டுடுவாங்க. என் ஃப்ரெண்டுக்கு இப்படித்தான் ஆச்சு.

பாலிசி_வாத்தியார்
பாலிசியைத் திறந்து படிக்காமல் இங்கே வந்து கேட்பதை எத்தனை முறைதான் பார்ப்பது? பிரீமியம் கட்டிய ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள், கூட வந்த பக்கங்களைப் புரட்டுவதில்லை. வளசை_வாசி, கம்பெனி பெயரில் இருப்பதால் மட்டும் ஒரு கார் கமர்ஷியல் ஆகிவிடாது. எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதுதான் கேள்வி. தனியார் கார் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பத்தி இருக்கும். 2002 மோட்டார் டாரிஃப் என்ற பொது விதித் தொகுப்பில் இருந்து வரும் வாசகம் அது. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக் கூடாது. சரக்கு ஏற்றக் கூடாது. பந்தயம், வேகச் சோதனை கூடாது. வண்டி வாங்கி விற்கும் தொழிலுக்கும் கூடாது. இதில் சரக்கு என்ற இடத்தில் "சாம்பிளும் சொந்த லக்கேஜும் நீங்கலாக" என்று இருக்கிறது. சொந்தத் தொழில் வேலையாகப் போய் வருவதற்குத் தடையே இல்லை. டாக்டர், வக்கீல், ஆடிட்டர் எல்லாரும் வெள்ளை போர்டில்தான் போகிறார்கள். ஜீரோ டெப் (நீங்கள் சொல்லும் பம்பர் டு பம்பர்தான், தேய்மானம் கழிக்காமல் தருவது) என்பது அந்த பாலிசியின் மேல் ஏறி உட்காரும் கூடுதல் கவர். அடியில் இருக்கும் பாலிசி செல்லாது என்றால் இதுவும் செல்லாது.

ஹாரோ_தமிழன்
இங்க லண்டனில வேலைக்குப் போய்வாறதுக்கு ஒரு வகை, தொழிலுக்கு இன்னொரு வகை எண்டு பிரிச்சுத்தான் பாலிசி எழுதுவினம். சின்னச் சிராய்ப்புக்கெண்டே தனிப் பாலிசியும் விக்கினம், ஆனா டாக்ஸி, கூரியர் ஓடுற காருக்கு அது கிடையாது. தம்பி வேலைக்குக் காரைப் பாவிச்சிருந்தா உங்கட கம்பெனி சொல்லுறது சரியாத்தான் இருக்கும்.

மதுக்கரை_மலை
அண்ணா, அது அந்த ஊர் சட்டம். இங்க அப்படிப் பிரிவு கிடையாது. மேல வாத்தியார் எழுதினதப் பாருங்க.

வளசை_வாசி
ஈசியா முடிக்கலாம் ப்ரோ. டிக்கியில வீட்டுச் சாமான்தான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க. கேஸ் க்ளோஸ்.

கோவை_சட்டம்
தயவுசெஞ்சு அதச் செய்யாதீங்க. சர்வேயர்கிட்ட போட்டோ இருக்கு. கிளைம் ஃபார்ம்ல பொய் எழுதினா, நியாயமாக் கிடைக்க வேண்டியதும் போயிடும். மறுப்ப முதல்ல எழுத்துல கேளுங்க, எந்த விதிப்படி மறுக்கறாங்கன்னு அதுல இருக்கணும். போன்ல சொன்னத வெச்சு நாளைக்குள்ள எந்த முடிவும் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துல வந்ததும் அவங்க குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போடுங்க. ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ சென்னையில இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (புகார் விசாரிக்கற அதிகாரி) இருக்காங்க. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

மஞ்சபோர்டு_மதுர
ஒன்னு கேக்குறேன் அண்ணே, கோவிக்காதீங்க. நாங்க பர்மிட் எடுத்து, எஃப்.சி. காட்டி, டேக்ஸ் கட்டி ஓட்டுறோம். இன்சூரன்ஸும் எங்களுக்குத் தனி ரேட்டு. ஓன் போர்டு (வெள்ளை போர்டு) வச்சிருக்கவன் முகூர்த்த நாள்ல திருச்செந்தூர், ராமேஸ்வரம்னு வாடகைக்குப் போயிட்டு வரான். அடிபட்டா மட்டும் சொந்தக்காரங்கள ஏத்திட்டுப் போனேம்பான். இதயெல்லாம் கம்பெனிக்காரன் பாக்கத்தான் செய்வான்.

வளசை_வாசி
அவரு டாக்ஸி ஓட்டுனாருன்னு யார் சொன்னா? அவசரத்துக்கு உங்க ஆளுங்க கிடைக்கிறதில்ல, அதான் ஓன் போர்டக் கூப்பிடுறாங்க.

மஞ்சபோர்டு_மதுர
கிடைக்கலேன்னா ரெண்டு வீடு தள்ளிக் கேளுங்க. அந்த வண்டியில ஏறி உங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா அப்புறம் தெரியும்.

கோவை_சட்டம்
இவரு விஷயத்துக்கு இது வேண்டாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்: தனியார் கார வாடகைக்கு விட்டிருந்தாலும் முழுசா மறுக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. 2008ல திருட்டு வழக்கு, 2010ல விபத்து வழக்கு. ஒரு பகுதியாவது குடுக்கணும்னு தீர்ப்பு.

பாலிசி_வாத்தியார்
அரைகுறையாகச் சொல்லாதீர்கள். இவரே வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லவில்லை. கேட்டவரையே காணோம்.

திருப்பூர்_ஓட்டம்
மன்னிக்கணுமுங்க, ஷிப்மென்ட் வேலை. வெள்ளை போர்டு, என் பேர்லதான். பெட்ரோல், 1197 சிசி. நான் மெர்ச்சண்டைசர். டிக்கியில இருந்தது ரெண்டு அட்டைப் பெட்டி, பையிங் ஆபீசுக்கு (துணி வாங்கறவங்களோட ஆபீஸ்) காட்டப் போன சைஸ் செட், சைஸுக்கு ஒண்ணா தெச்ச மாதிரித் துணி. ஒவ்வொரு பீஸ்லயும் சாம்பிள் டேக் தொங்குதுங்க. எஸ்டிமேட் 8,500.

மதுக்கரை_மலை
இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க! சாம்பிள்தான் விதிவிலக்குல இருக்கே. டேக் தெரியற மாதிரி கிட்டத்துல போட்டோ எடுங்க, பையிங் ஆபீசோட சாம்பிள் கேட்டு வந்த மெயிலையும் சேர்த்து அனுப்புங்க. விக்கற சரக்கு ஒரு பெட்டி கலந்திருந்தாக் கதை வேற.

ஈரோடு_கணக்கு
எல்லாரும் கிளைம் கிடைக்குமான்னே பேசறீங்க, வாங்கறது லாபமான்னு யாரும் பார்க்கலை. என்.சி.பி., அதாவது கிளைம் வாங்காததுக்குக் குடுக்கற பிரீமியம் தள்ளுபடி, இப்ப எவ்வளவுங்க? 35 சதவீதம்னு வெச்சுக்கறேன். ஓ.டி. பிரீமியம் (நம்ம வண்டி சேதத்துக்குக் கட்டறது) தள்ளுபடிக்கு முன்னாடி 10,000ன்னு வெச்சா, கிளைம் இல்லாட்டி அடுத்த வருசம் 45 சதவீதம், 4,500 குறையும். கிளைம் வாங்கினா பூஜ்யம். அதுக்கடுத்த வருசம் 50க்குப் பதிலா 20, அதுல 3,000 போச்சு. ரெண்டு வருசத்துல 7,500. உங்க பில்லுல கட்டாயக் கழிவு, அதாவது நாமளே போட வேண்டிய பங்கு, 1,000 போனா (1500 சிசி வரைக்கும் அவ்வளவு) கையில நிக்கறதும் அதே 7,500. மூணாவது வருசம் 50க்கு 25, இன்னும் நட்டம்.

வளசை_வாசி
ஜீரோ டெப் இருந்தா என்.சி.பி. போகாது ப்ரோ.

ஈரோடு_கணக்கு
போகுமுங்க. பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி காசு பிடிக்காம இருக்கத்தான் ஜீரோ டெப். என்.சி.பி.யக் காப்பாத்த தனி கவர் எடுக்கணும். ஜீரோ டெப்லயும் வருசத்துக்கு இத்தனை கிளைம்தான்னு பல பாலிசியில அளவு இருக்கு. இந்தச் சிராய்ப்புக்கு ஒண்ணச் செலவு பண்ணிட்டா, நாளைக்குப் பெரிசா இடிச்சா யோசிக்க வேண்டி வரும்.

பாலிசி_வாத்தியார்
கணக்கு சரி. அதற்காக மறுப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். "வணிகப் பயன்பாடு" என்று பதிவானால் அடுத்த கிளைமில் அதையே நீட்டுவார்கள். முதலில் அதை நீக்கச் சொல்லுங்கள், பிறகு வாங்குவதா வேண்டாமா என்று பாருங்கள்.

திருப்பூர்_ஓட்டம்
டேக் போட்டோவும் மெயிலும் அனுப்பினேனுங்க, அப்ரூவ் பண்ணிட்டாங்க. கணக்குப் பார்த்துக் கிளைம வாபஸ் வாங்கிட்டேன். வெளிய டிங்கரிங் பெயிண்டிங் விட்டாச்சு. எல்லாருக்கும் நன்றிங்க.

ஈரோடு_கணக்கு
நல்லதுங்க. பிசினஸ் யூஸ்ங்கறத எடுத்துட்டாங்கன்னும், காசு வாங்காத வாபஸ், என்.சி.பி. அப்படியே நிக்குதுன்னும் மெயில்ல எழுதி வாங்கினீங்களா?