புதுப்பிப்பு: பென் குரியன் ஏர்போர்ட் செக்யூரிட்டிக்கு ஹீப்ரு

இஸ்ரேல்ல டெல் அவிவ் போறேன், அங்க பென் குரியன் ஏர்போர்ட் செக்யூரிட்டில சொல்ல அவங்க மொழியான ஹீப்ரு என்ன கத்துக்கணும்னு கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்துட்டேன். திரும்பி வர்றப்போதான் கேள்வி ஜாஸ்தி, செக்-இன் கவுண்டருக்கு முன்னாடியே நிக்க வச்சு கேக்குறாங்க, அதனால 3 மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. பெட்டிய யார் பேக் பண்ணது, யாராவது ஏதாவது குடுத்து விட்டாங்களா, இதத்தான் மாத்தி மாத்தி கேப்பாங்க. "மி அராஸ் எத் ஹமிஸ்வதா"ன்னா பெட்டிய பேக் பண்ணது யாரு, "அராஸ்தி லெவத்"னா நானே தனியா பண்ணேன். ஆனா இந்தப் பதில இங்கிலீஷ்லயே சொல்லுங்க, ஹீப்ருல சொன்னா எங்க கத்துக்கிட்ட, யார் சொல்லிக்குடுத்தாங்கன்னு கேள்வி இன்னும் நீளும், எனக்கு அப்படித்தான் ஆச்சு. "அனி லோ மெதபெரெத் இவ்ரித்", எனக்கு ஹீப்ரு தெரியாதுன்னு அர்த்தம், ஆம்பளைங்க மெதபேர்னு சொல்லணும். தர்கோன்னா பாஸ்போர்ட். ரொம்ப காதுல விழுந்தது "ரேகா", கொஞ்சம் இருங்கன்னு அர்த்தம், அஞ்சு விரலையும் குவிச்சு மேல காட்டினாலும் அதேதான், அத திட்டுறாங்கன்னு நெனச்சு பயந்துடாதீங்க. பாஸ்போர்ட் பின்னாடி ஒட்டுற மஞ்சள் ஸ்டிக்கர ஃப்ளைட் ஏறுற வரைக்கும் பிச்சிடாதீங்க. முடிச்சதும் "தோதா"ன்னேன், நன்றின்னு அர்த்தம், செக்யூரிட்டில இருந்த பொண்ணு சிரிச்சிட்டே "பெவகஷா"ன்னுச்சு, பரவாயில்லன்னு அர்த்தம்.