போதை மாத்திரைப் பிரச்சினையைச் சட்ட மசோதாவாக எழுதுவது எப்படி? யாராவது வழி சொல்லுங்கள்

செந்தாழை:

வணக்கம். நாலு மாதத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். வலி மாத்திரையோடு மதுவும் சேர்ந்துவிட்டது. கூட இருந்த நண்பர்கள் இரண்டு பேரும் அவனை வீட்டு வாசற்படியில் சாய்த்து உட்காரவைத்து, அழைப்பு மணியை அழுத்திவிட்டு ஓடிவிட்டார்கள். அவன் அம்மா கதவைத் திறந்தபோது உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது, ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவன் பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னது: "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா போலீஸும் வருமே அக்கா."

அதற்குப் பிறகு கூட்டம் போட்டோம். நினைத்ததைவிட நிறையப் பேர் வந்தார்கள். விற்பவனுக்குக் கடும் தண்டனை, மருத்துவர் சீட்டில்லாமல் மாத்திரை தரக்கூடாது, சிகிச்சை மையம், பள்ளியில் விழிப்புணர்வு, கேமரா என்று பதினோரு கோரிக்கைகளை மூன்று பக்கத்துக்கு எழுதிக்கொண்டு எங்கள் தொகுதி உறுப்பினரைப் போய்ப் பார்த்தோம். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதை மசோதாவாக எழுதிக் கொண்டுவாருங்கள், நான் தாக்கல் செய்கிறேன்" என்றார். அவர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. எங்களில் யாருக்கும் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

வரப்பு:

ஆறு வருடம் ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் மனு, கேள்வி, மசோதா எல்லாம் எழுதிக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன். பதினோரு கோரிக்கையையும் ஒரே மசோதாவில் அடைக்காதீர்கள். விற்பவனுக்குத் தண்டனை என்பது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கும், அது நடக்கவில்லை என்றால் அமலாக்கத்தில் கோளாறு, அதற்கு அவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். சிகிச்சை மையம் நிதி ஒதுக்கீடு சம்பந்தப்பட்டது, பட்ஜெட்டுக்கு முன்னால் அழுத்தம் கொடுக்க வேண்டும். சீட்டில்லாத விற்பனையைப் பெரும்பாலும் துறை போடும் விதியிலேயே இறுக்கிவிடலாம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் இன்றைய சட்டமே குறுக்கே நிற்கிறதோ, அதுதான் உங்கள் மசோதா.

அது உங்கள் மூன்று பக்கத்தில் இருக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் இங்கே எழுதிய முதல் பத்தியில் இருக்கிறது. போலீஸ் வரும் என்று பயந்து அந்தப் பையன்கள் ஓடினார்கள். அந்தப் பயம் சட்டம் உண்டாக்கியது, ஆகவே சட்டத்தால் மட்டுமே அதை எடுக்க முடியும்.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இல் முதலில் இப்படி ஒரு சட்டம் போட்டது: போதை அளவு மீறியவருக்காக உதவி கேட்டு அழைப்பவர் மீது போதைப்பொருள் வைத்திருந்த வழக்குப் போடக்கூடாது. கனடாவில் 2016இல் ரான் மெக்கின்னன் என்ற உறுப்பினர் இதைத் தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் தானே தாக்கல் செய்யும் மசோதாவாக, கொண்டுவந்தார், 2017 மே மாதம் சட்டமானது. நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது அதைத்தான், சின்னச் சட்டம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததற்கும், அது தொடர்பான ஜாமீன், நன்னடத்தை நிபந்தனைகளை மீறியதற்கும் மட்டும் விலக்கு. விற்பனைக்கு இல்லை, நிலுவையில் உள்ள பிடிவாரண்டுக்கும் இல்லை. இப்படி எல்லையைக் குறுக்கி எழுதினால் எதிர்ப்பவர்களுக்குப் பிடி கிடைக்காது.

சொற்பொருள் விளக்கத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் 2016இல் வந்த மனமயக்கப் பொருள் சட்டத்தில், மூளையைத் தூண்டுவதோ தளர்த்துவதோ எல்லாமே அதில் அடங்கும் என்று அகலமாக எழுதிவிட்டு, மது, புகையிலை, காபி, மருந்து, உணவு என்று வரிசையாக விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நீங்கள் புது விளக்கம் எழுதவே வேண்டாம், ஏற்கெனவே உள்ள சட்டத்தின் பட்டியலைச் சுட்டினால் போதும்.

ஒற்றையடி:

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் தம்பி மகன் இதே பழக்கத்தில் போனவன். கூட இருந்தவர்களுக்குத் தண்டனை கிடையாது என்று எழுதினால் "பார்த்துக்கலாம், ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்கிற தைரியம்தானே வரும்? விற்றவனே போனைப் போட்டுவிட்டுத் தப்பிக்க மாட்டானா? எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த ஆற்றாமை எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரவுப்பணி:

ஒற்றையடி அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலி, பார்த்ததைச் சொல்கிறேன். இந்த வகை வலி மாத்திரை அளவு மீறினால் மூச்சு மெதுவாகிக்கொண்டே வந்து நின்றுவிடும், ஆக்சிஜன் போகாத சில நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும். நலாக்சோன் என்ற மருந்து அதைத் திருப்பிக் கொண்டுவரும், மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் இருக்கிறது. ஆனால் அது ஓபியாய்டு என்கிற, அபின் போல வேலை செய்யும் வகைக்கு மட்டும்தான் வேலை செய்யும், வேறு மாத்திரை என்றால் பலனில்லை. அதனால்தான் "என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எப்போ?" என்று முதலில் கேட்கிறோம். பதில் தெரிந்தவன் கூட இருந்த நண்பன் மட்டுமே, அவனோ மருத்துவமனை வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டான். அப்பா அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நிற்பது கொடுமை.

ஒரு தடவை ஒரு பையன் பயத்தோடு உள்ளே வந்து, காலியான மாத்திரை அட்டையை மேசையில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் சுவரோரமாக நின்றான். அந்த அட்டையால்தான் அன்றைக்கு ஒருவர் பிழைத்தார்.

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவருபவருக்கு இந்தியாவில் 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புக் கொடுத்தது. அதற்கு முன்னால் கேஸுக்குப் பயந்து ஒதுங்கிப் போனவர்கள் எத்தனை பேர்! போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவிலும் ஒரு விலக்கு உண்டு, ஆனால் அது தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்பவருக்கு. தோளில் போட்டுத் தூக்கிவரும் நண்பனுக்கு அதில் இடமில்லை.

செந்தாழை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம் எழுதினோம்: "அளவு மீறிய போதையால் உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள ஒருவருக்காக மருத்துவ உதவி கேட்டு அழைத்தவர் மீது, அந்த இடத்தில் கிடைத்த சான்றை வைத்து, சொந்த உபயோகத்துக்காகப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்கு வழக்குத் தொடரக்கூடாது." இது போதுமா?

வரப்பு:

நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் "அழைத்தவர்" என்று மட்டும் போட்டால் படுத்துக்கிடப்பவன் பிழைத்து எழுந்ததும் அவன் மீதே கேஸ் வரும், பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டவன் மீதும் வரும். ஆகவே "அழைத்தவர், பாதிக்கப்பட்டவர், அந்த இடத்தில் இருந்த மற்றவர்கள்" என்று எழுதுங்கள். ஒற்றையடி கேட்டதற்குப் பதிலாக, "இந்தப் பிரிவு விற்பனைக் குற்றத்துக்குப் பொருந்தாது" என்று தனி உட்பிரிவாகவே போட்டுவிடுங்கள், அவர் கேட்டது நியாயமான கேள்வி, சபையிலும் இதையேதான் கேட்பார்கள். மூன்றாவதாக, இதைக் காவலர்களுக்கும் மாணவர்களுக்கும் தெரியப்படுத்துவது துறையின் கடமை என்று ஒரு வரி. அந்தப் பையன்களுக்குத் தெரியாவிட்டால் அவர்கள் மறுபடியும் ஓடத்தான் செய்வார்கள்.

தனிநபர் மசோதா நிறைவேறாமல் போனால் மனம் தளர வேண்டாம். இந்திய நாடாளுமன்றத்தில் 1970க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமானதில்லை. ஆனாலும் திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015இல் மாநிலங்களவை நிறைவேற்றியது, அப்புறம் அரசே தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. கடைசியில் வந்த சட்டத்தில் பலருக்குத் திருப்தி இல்லை என்பது வேறு விஷயம், அதனால்தான் அரசு கையில் எடுத்த பிறகும் ஒவ்வொரு வரியையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒற்றையடி:

அந்த விற்பனை உட்பிரிவு உறுதியாக இருந்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

செந்தாழை:

சரி அண்ணா, அதை முதலிலேயே போட்டுவிடுகிறோம். உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது, என்னிடம் அழுத அந்த நண்பனையும் அழைத்துப் போகலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன்னால் இறந்தவனின் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால்தான் அவனிடம் கேட்பேன்.