கிளாஸ்ல எல்லா பிள்ளைங்களையும் ஒண்ணா உக்கார வைக்க வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் ஒரு சின்ன தனியார் பிரைமரி ஸ்கூல்ல ரெண்டாம் வகுப்பு எடுக்கேன். கடற்கரை ஊர்ப் பிள்ளைங்க, வீட்ல மலையாளம் பேசுறவங்க, வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைங்க, ஆர்டிஇ, அதான் கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்குற 25 சதவீத இடத்துல சேந்தவங்கன்னு எல்லாரும் ஒரே கிளாஸ்தான், ஆனா மத்தியானம் சாப்பிட மட்டும் தனித்தனியா பிரிஞ்சிடுதுங்க, ஒரு பிள்ளைகிட்ட மீன் வாடை அடிக்குன்னு சொல்லி யாருமே பக்கத்துல இருக்க மாட்டேங்குதுங்க. நம்ம மாவட்டத்துல மீன்கறி வைக்காத வீடு எத்தன இருக்கு சொல்லுங்க! ரொம்ப வேதனையா இருக்கு. அந்த 2009 சட்டம் சீட்டு வாங்கித் தரும், கூட உக்கார ஆளு வேண்டாமா? இடம் மாத்தி வச்சா சில பெற்றோர் சண்டைக்கு வாராங்க. அவங்ககிட்ட எப்படிப் பேசுறது? செஞ்சு பார்த்த டீச்சர்மாரு யாராவது சொல்லுங்க, தமிழும் ஹிந்தியும் சேந்த படக்கதை புக்கு நாகர்கோவில்ல எங்க கிடைக்கும்னும் சொல்லுங்க.