கல்ச்சர் ரிப்போர்ட்டில் சிப்ரோ கேட்காதாம், குளோராம்பெனிகால் கேட்குமாம். எப்படி?

கோட்டைவாசல்:
அண்ணன் மகனுக்கு டைபாய்டு. பிளட் கல்ச்சர் ரிப்போர்ட்டில் நாலிடிக்சிக் ஆசிட், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டுக்கும் நேரே ‘ஆர்’, அதாவது கிருமி மசியாது. ஆனால் தாத்தா காலத்து குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றுக்கும் ‘எஸ்’, அதாவது கேட்கும். செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசினும் ‘எஸ்’தான். மருந்து பழசாகப் பழசாகத்தானே கிருமிக்குப் பழகிப்போகும், இங்கே தலைகீழாக இருக்கிறதே? பாகிஸ்தானில் எதற்கும் கேட்காத டைபாய்டு வந்ததே, அது வேறு கிருமியா?

சும்மாஒருத்தன்:
லேப் தப்பு பண்ணியிருக்கும். வேறு இடத்தில் கொடுத்துப் பாருங்க.

அகார்தட்டு:
தப்பெல்லாம் இல்லை. மைக்ரோபயாலஜி லேபில்தான் இருக்கிறேன், இங்கே வருகிற டைபாய்டில் பெரும்பாலானவை இப்படித்தான். கிருமி வளர்க்கும் தட்டில் மருந்து தோய்த்த சின்ன வில்லைகளை வைப்போம். நாலிடிக்சிக் (சிப்ரோவுக்கு மூத்த சொந்தக்கார மருந்து) வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருக்கும், சிப்ரோவைச் சுற்றிய வட்டம் சுருங்கியிருக்கும், அதே தட்டில் குளோராம்பெனிகாலைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இடம் விட்டிருக்கும்.

காரணம், பழைய மருந்துகளுக்கான எதிர்ப்பு வந்த வழி வேறு, சிப்ரோவுக்கான எதிர்ப்பு வந்த வழி வேறு. குளோராம்பெனிகால் 1948இல் வந்தது. 1972இல் மெக்சிகோவிலும் கோழிக்கோட்டிலும் அதற்கு மசியாத டைபாய்டு பரவியது. 1980களின் கடைசியில் பழைய மருந்து மூன்றுமே ஒன்றாகக் கைவிட்டன, ஏனென்றால் மூன்றுக்குமான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே பெரிய பிளாஸ்மிடில் இருந்தன. பிளாஸ்மிட் என்பது கிருமியின் முதன்மை டிஎன்ஏவான குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம், கிருமி அதைப் பெறவும் முடியும், இழக்கவும் முடியும். அப்புறம் எல்லோரும் சிப்ரோவுக்கு மாறினோம். பிளாஸ்மிடுக்கு வேலை இல்லை, சுமந்துகொண்டிருப்பதோ கிருமிக்குச் செலவு. இந்தியாவில் பல கிளைகள் அதைத் தொலைத்துவிட்டன.

சிப்ரோ கதை அப்படி இல்லை. ஜைர்ஏ என்ற மரபணுவில் ஒரு டிஎன்ஏ எழுத்து மாறி, அதிலிருந்து உருவாகும் புரதத்தில் 83ஆம் இடத்து அமினோ அமிலம் வேறாகிவிட்டால் போதும், மருந்தின் பிடி தளர்ந்துவிடும். இது குரோமோசோமிலேயே நடப்பதால் உதிர்த்துவிட எதுவும் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் இந்த மாற்றம் உள்ள சில கிருமிகள் மருந்தே இல்லாதபோதும் மற்றவற்றைவிட நன்றாக வளர்ந்திருக்கின்றன. சிப்ரோவை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை.

சிந்துபாத்:
பாகிஸ்தான் கேள்விக்கு: வேறு கிருமி இல்லை, அதே வம்சம்தான். டைபாய்டு கிருமியின் மரபணுத்தொகுதி சுமார் 48 லட்சம் எழுத்து, ஆனால் எந்த நாட்டில் எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. குடலில் வாழும் ஈ.கோலை கிருமியில் ஒன்றில் இருக்கிற மரபணுக்களில் பல இன்னொன்றில் இல்லாமல் போகலாம், இதில் அந்த வேடிக்கை கிடையாது. இருக்கிற கொஞ்சநஞ்ச எழுத்து வித்தியாசத்தை வைத்துத்தான் கிளை பிரிக்கிறார்கள். அதில் எச்58 என்ற கிளை 1980களில் தெற்காசியாவில் கிளம்பி, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போய், ஏற்கெனவே இருந்த வகைகளை ஓரங்கட்டிவிட்டது.

2016 நவம்பரில் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் (நம்ம ஹைதராபாத் இல்லை) வெடித்ததும் எச்58தான். அதில் பழைய மூன்று மருந்துக்கான எதிர்ப்பும் குரோமோசோமுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது, ஜைர்ஏ மாற்றமும் இருந்தது. அதற்கு மேல் ஈ.கோலையில் காணப்படுவது போன்ற ஒரு பிளாஸ்மிடும் வந்து சேர, செஃப்ட்ரியாக்சோனும் போச்சு. கழிவுநீர் கலந்த குடிநீர் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது. ‘எதற்கும் கேட்காது’ என்பது சரியில்லை, அசித்ரோமைசினும் மெரோபெனெம் வகையும் மிஞ்சின. 2019இல் புதிய டைபாய்டு தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடு பாகிஸ்தான். அவர்கள் போட்ட ஊசி தயாரானது நம்ம ஹைதராபாத்தில்!

அசித்ரோமைசினுக்கும் ஆபத்து இருக்கிறது. பங்களாதேஷ் கிருமிகளில் ஏசிஆர்பி மரபணுவில் ஒரே எழுத்து மாறியதால் அது கேட்காமல் போனதை 2019இல் வெளியிட்டார்கள். சளிக்கெல்லாம் அதை வாங்கிப் போடுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

கோட்டைவாசல்:
அருமை, இருவருக்கும் நன்றி. அப்படியானால் குளோராம்பெனிகாலே கேட்டு வாங்கலாமா? செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டு இரண்டு நாளாகிறது, காய்ச்சல் 102ஐ விட்டு இறங்கவில்லை.

அகார்தட்டு:
வேண்டாங்க. அபூர்வமாக என்றாலும் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கிற மருந்து அது, அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். செஃப்ட்ரியாக்சோன் வேலை செய்தாலும் டைபாய்டு காய்ச்சல் இறங்க நாலைந்து நாள், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். நடுவில் கடுமையான வயிற்றுவலியோ, மலத்தில் ரத்தமோ, மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடால் டெஸ்ட்டை (ரத்தத்தில் டைபாய்டுக்கான எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) மறுபடி எடுக்கச் சொன்னால் பணத்தை மிச்சம் பண்ணுங்கள், குணமான பிறகும் அது பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும்.