கிட் இல்லாமல் கட்டுவதற்கு என்ன சொல்? போட்டும் ட்ரெயிலரும்

உப்புவெளியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கரையில் புறாத்தீவுக்கு ஆள் ஏற்றும் பதினெட்டு அடி ஃபைபர் போட் ஒன்றையும், அதைத் திருத்த வேலைக்கு இழுத்துப்போகும் ட்ரெயிலரையும் 1:35 அளவில் (உண்மையில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) ஒரு டயோராமாவுக்காக, அதாவது சிற்றுருக்களால் அமைக்கும் காட்சிக்காக, கட்டிக்கொண்டிருக்கிறேன். பாகங்களெல்லாம் வெட்டிப் பெட்டியில் போட்டுக் கடையில் விற்கும் கிட் இல்லை. பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி, கொஞ்சம் பல்சா மரம், சூப்பர் குளூ, அவ்வளவுதான். இப்படிக் கட்டுவதை ‘ஸ்கிராட்ச் பில்ட்’ என்கிறார்கள். செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டாம் வரியிலேயே இந்தச் சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன கிழமை குழுவில் அடிபட்டவை ‘முழுக்கட்டு’, அதற்கு எதிராகக் கிட்டுக்கு ‘பெட்டிக்கட்டு’. இரண்டும் எனக்குச் சரிவரவில்லை. சிறிய உருக்களைப் பற்றிப் பேசும்போது ‘முழு’ என்றால் முழு அளவு என்றுதான் காதில் விழும். ‘முழுக்கட்டு போட்’ என்று எழுதினால் கொட்பே துறைமுகத்தில் போய்த் தேடுவார்கள். பெட்டிக்கட்டு அதைவிட மோசம். எங்கள் பக்கம் ட்ரெக்டருக்குப் பின்னால் இழுபடுவதன் பெயரே பெட்டி. ட்ரெயிலர் கட்டுகிறவன் ‘இது பெட்டிக்கட்டு அல்ல’ என்று சொன்னால் ஊரில் என்ன நினைப்பார்கள்?

வேறு யாரிடமாவது சொல் இருக்கிறதா?

மூதூரிலிருந்து:

தம்பி, சொல்லைத் தேடி ஏன் அகராதிக்குப் போகிறீர்? கரைக்குப் போம். மர வள்ளம் கட்டுகிறவர் முதலில் வைப்பது ஏரா, அடிமரம். அதன் மேல்தான் அணியம் (முன்பகுதி), கடையால் (பின்பகுதி), வங்குக்கால் (விலா மரங்கள்), பிறகு பலகை. ஏராவிலிருந்தே தொடங்குகிற வேலைக்கு ‘ஏராக்கட்டு’ என்று வைத்தால் என்ன? சின்னச் சொல், நம்முடைய சொல். ‘ஏராக்கட்டு வள்ளம்’ என்று சொல்லிப் பாரும், வாய்க்கு வருகிறது.

விபுலானந்த அடிகள் நம் திருகோணமலை இந்துக் கல்லூரியில் இருந்தவர்; 1930-களில் சென்னையில் கலைச்சொல்லாக்க வேலைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் நடந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு சொல்லுக்காக நாம் இப்படித் தடுமாறக் கூடாது.

சென்னையிலிருந்து:

ஐயா சொன்ன ஏரா அழகான சொல்தான். ஆனால் கப்பல் மாதிரிகள் செய்கிறவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ரயில் பெட்டி கட்டுகிறவரும் வீடு கட்டுகிறவரும் இருக்கிறார்களே. என் முன்மொழிவு ‘வரைகட்டு’. கிட் வாங்கினால் பாகங்கள் வரும். வாங்காவிட்டால் கையில் இருப்பது வரைபடம் மட்டும். அதிலிருந்து கட்டுவது வரைகட்டு.

உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு போர்க்கப்பலே உண்டு, எச்.எம்.எஸ். டிரிங்கோமலி, தெரிந்திருக்கும். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கியது. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து ஜாவா என்ற கப்பலில் அனுப்பினார்கள். அந்தக் கப்பல் 1812இல் அமெரிக்கரிடம் பிடிபட்டு எரிந்துபோனது. மறுபடி வேறு படிகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலை நடந்தது. மரம் இருந்தது, ஆள் இருந்தது, வரைபடம் இல்லாமல் அடி எடுத்து வைக்க முடியவில்லை. இதைவிட என்ன சான்று வேண்டும்?

உப்புவெளியிலிருந்து:

மூதூர் மாஸ்டருக்கும் சென்னை அண்ணனுக்கும் நன்றி. கப்பல் கதை எனக்குப் புதிது, அதற்காகவே இந்த இழையைத் தொடங்கியது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் ஏரா. மாஸ்டர், என் போட்டில் அந்த வரிசையே இல்லை. ஃபைபர் போட்டை அச்சிலிருந்து எடுக்கிறார்கள். அச்சுக்குள் மெழுகு தடவி, ஜெல்கோட் என்ற மேற்பூச்சு அடித்து, நார்ப்பாயும் ரெசினும் அடுக்கடுக்காக ஏற்றி, இறுகியதும் முழு உடலாகக் கழற்றுவார்கள். ட்ரெயிலருக்கோ ஏராவே கிடையாது. கூடவே இன்னொரு தொல்லை: ட்ரெயிலர் சக்கரம் ஓடுவதும் அச்சில், போட் பிறப்பதும் அச்சில். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்து வாசிப்பவரைக் குழப்புவதால் சக்கரத்தின் அச்சுக்குப் பழைய ‘இருசு’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டேன். யாருக்கும் மறுப்பிராது என்று நினைக்கிறேன்.

வரைகட்டில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் கரையில் நிற்கும் போட்டுக்கு வரைபடம் எங்கே இருக்கிறது? நான் அளவு நாடாவோடு போனேன். சொந்தக்காரர், போட்டை வாங்கப் போகிறேனோ என்று நினைத்து விலை சொன்னார். நீளம், அகலம், அணியம் மேலெழும் உயரம், இருக்கைப் பலகைகளுக்கு இடையில் எவ்வளவு, ட்ரெயிலரின் உருளைகள் எங்கே எங்கே என்று எல்லாம் அளந்தேன். பிறகு எல்லாவற்றையும் 35ஆல் வகுத்தேன். பதினெட்டு அடி 157 மில்லிமீட்டர் ஆயிற்று. ட்ரெயிலர் சட்டத்தின் இரண்டு அங்குலப் பொக்ஸ் பார் (சதுரக் குழாய்) 1.45 மில்லிமீட்டர் ஆக, 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டி எடுத்தேன். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

தெரிகிற இடம் போட்டின் விளிம்பு. உடலுக்கு 0.5 மில்லிமீட்டர் தகடு போட்டேன். 35ஆல் பெருக்கிப் பாருங்கள், 17 மில்லிமீட்டருக்கு மேல். அவ்வளவு தடித்த விளிம்போடு பார்த்தால் போட் குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கும். அதனால் உட்பக்கம் இருந்து மட்டும் மணல்தாளால் சாய்வாகத் தேய்த்து, மேல் ஓரத்தைக் காகிதத்தின் தடிப்புக்குக் கொண்டுவந்தேன். கீழே எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. இந்த அளவுக் கணக்கைக் கிட் வாங்குகிறவர் ஒருபோதும் போடுவதில்லை. அவருக்காகத் தொழிற்சாலையில் யாரோ போட்டுவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். மூலப்பொருளிலிருந்து தொடங்குகிறோமா என்பது இங்கே முக்கியமில்லை. என் ட்ரெயிலர் சக்கரங்கள் ஒரு விளையாட்டுக் காரிலிருந்து கழற்றியவை. உண்மை ரயர் 58 சென்ரிமீட்டர், ஆகவே 16.5 மில்லிமீட்டரில் எது கிடைக்கிறதோ அது என்று கடை கடையாகத் தேடி எடுத்தேன். கயிறு பிடிக்கிற ஆள் 1:35 கிட் சிப்பாய். கையிலிருந்த துவக்கை வெட்டியெடுத்துவிட்டுக் கயிற்றைக் கொடுத்தேன். (இந்த அளவில் மீனவர் பொம்மை கிடைப்பது அரிது, படையினரோ கடை நிறைய.) ‘அடியிலிருந்து’, ‘வெறும்பொருளிலிருந்து’ என்று பொருள்படும் சொல் எதை வைத்தாலும் இந்த இரண்டும் அதைப் பொய்யாக்கிவிடும். ஆனால் அளவு முழுக்க என்னுடையது.

ஆகவே என் முன்மொழிவு ‘அளந்துகட்டு’. ‘அளந்துகட்டிய போட்’, ‘இதை அளந்துகட்டினேன்’ என்று வினையாகவும் ஓடும். கிட்டுக்கு ‘கிட்’ என்றே இருக்கட்டும், அது ஊரில் ஊறிவிட்டது. இரண்டு மூன்று கிட்டை வெட்டிச் சேர்ப்பதற்கு ‘ஒட்டுக்கட்டு’. ஒட்டுமா நட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சென்னையிலிருந்து:

வரைபடத்துக்கும் முன்னால் யாரோ அளந்துதான் இருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘அளக்கிறான்’ என்றால் எங்கள் ஊரில் கதை விடுகிறான் என்று அர்த்தம். ‘நன்றாக அளந்துகட்டியிருக்கிறார்’ என்று பாராட்டினால் வம்பாகிவிடாதா?

மூதூரிலிருந்து:

அளந்து விட்டால்தான் கதை, கட்டினால் போட். எனக்குச் சம்மதம். ஏராவை மட்டும் கைவிட வேண்டாம், மரவள்ளம் செய்கிறவர் பாகங்களின் பெயராக அணியம், கடையால், வங்குக்கால் எல்லாவற்றோடும் வைத்துக்கொள்ளட்டும்.

தம்பி, வாடைக் காற்று தொடங்கினால் போட்டுகளை மேலே ஏற்றிவிடுவார்கள். அளக்க வேண்டியது மிச்சம் இருந்தால் அப்போது போம், அடிப்பக்கமும் தெரியும்.

உப்புவெளியிலிருந்து:

போகிறேன் மாஸ்டர். அடிப்பக்கம் இன்னும் ஊகத்தில்தான் இருக்கிறது.

சொல்லைக் குழுவின் பட்டியலில் சேர்த்துவிட்டேன், பக்கத்தில் சென்னை அண்ணனின் எச்சரிக்கையோடு. அடுத்தது: ட்ரெயிலரின் முன்முனையில் வாகனத்தோடு பூட்டுகிற உருண்டையும் அதைக் கவ்வுகிற மூடியும். ‘கொளுக்கி’ என்று எழுதிவைத்திருக்கிறேன், ஆனால் கொளுக்கி வளைந்த கம்பியைத்தானே நினைவூட்டுகிறது. கராஜ்காரர்கள் யாராவது குழுவில் இருந்தால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.